கரி வண்டி ஆளைக் கொல்லும்

உங்கள் ஜீப்பில் பின்பக்கம் இடது விளக்கு எரியவில்லை, ஐயா. வெளியே காத்திருந்தபோது பார்த்தேன். போலீஸ் வண்டியை எவன் நிறுத்திக் கேட்கப் போகிறான் என்று டிரைவர் விட்டிருப்பார். பின்னால் வருகிற லாரிக்காரனுக்கு இருட்டில் அது போலீஸ் வண்டி என்று எப்படித் தெரியும்? பல்பு போயிருக்காது, ஒயர் விட்டிருக்கும். பார்க்கச் சொல்லுங்கள்.

நான் வந்த காரியம் வேறு. உங்கள் ரைட்டரிடம் சொன்னேன், அவர் நாளைக்கு வாரும் என்றார். நாளைக்கு வருகிற விஷயம் இல்லை இது. எம்.ரெட்டியபட்டி சங்கரம்மாளை நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்கள். ஆடி மாசம் அம்மன் கோயிலுக்குக் காய்ச்சிய கூழில் பருத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்து கலந்துவிட்டது, அதைக் குடித்துத்தான் ஜின்னிங் பேக்டரிப் பெண்கள் வேனுக்குள் செத்தார்கள் என்று கேஸ். அந்த அம்மா வருஷா வருஷம் கூழ் காய்ச்சுகிறவள். இந்த வருஷமும் காய்ச்சினாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் செய்யவில்லை. அவர்களைக் கொன்றது தவசியின் கரி வண்டி. எப்படிக் கொன்றது என்று எனக்குத் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

என் பெயர் சென்னய்யா. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர். சர்க்கார் உத்தியோகம் இல்லை, பஸ் முதலாளிகள் சேர்ந்து வைத்திருக்கிற ஆள். நெசவுக் குடும்பம்தான், வீட்டில் பேசுவது கன்னடம். எனக்குத் தறி பிடிக்கவில்லை, மீசை முளைக்கும் முன்பே பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். மதுரை போகிற இரண்டு பஸ்ஸும் ஒரே நேரத்தில் கிளம்பப் பார்க்கும், ஐயா. முன்னால் போகிறவனுக்குத்தான் காரியாபட்டி ஆள் கிடைக்கும். அதனால் நான் விசில் ஊதாமல் எவனும் கியர் போடக் கூடாது. போட்டால் கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்பேன். டிரைவர்கள் என்னையும் திட்டுவார்கள், என்னைப் பெற்றவளையும் திட்டுவார்கள். நான் பதில் பேச மாட்டேன். எனக்குக் கோபம் வராது. யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் சட்டம் எனக்கு மனப்பாடம். லோடு எவ்வளவு உயரம் ஏற்றலாம், டிராக்டர் டிரெய்லரில் கல்யாண ஆட்களைக் கூட்டிப் போகலாமா, சைக்கிளுக்கு விளக்கு உண்டா, இப்படி எந்தச் சந்தேகம் என்றாலும் ஊர் என்னிடம்தான் வரும். சென்னய்யா சொன்னால் சரியாக இருக்கும் என்பார்கள். மற்றவன் தோட்டம் வாங்கினான், மாடி கட்டினான். நான் சம்பாதித்தது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

போன வருஷக் கடைசியில் பெட்ரோல் விலையை ஏற்றினார்களே, அப்போது ஆரம்பித்தது எல்லாம். பஸ் ஸ்டாண்டு வாசலில் ஹாஜா நஜ்முதீன் பாய் டீக்கடை இருக்கிறது, வீரசோழன்காரர். அங்கே நாள் முழுக்க இதே பேச்சு. அரபு நாட்டுக்காரன் எண்ணெயை நிறுத்திவிட்டான், இனிமேல் எதை ஊற்றி வண்டி ஓட்டுவது என்று. ஒருவன் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டலாம் என்பான். ஒருவன் கடலை எண்ணெயில் ஓடும் என்பான். "அப்ப நான் வடைக்கு என்னத்தய்யா ஊத்துறது?" என்று பாய் கேட்பார். சாராயத்தில் எஞ்சின் ஓடும் என்றான் ஒருவன். சாராயத்தில் ஓடுகிற டிரைவர்களை எனக்குத் தெரியும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்போதெல்லாம் நான் சொன்னால்தான் சிரிப்பார்கள்.

தவசி அங்கே வருகிறவன். திருச்சுழி ரோட்டில் சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். ஒரு பழைய பெட்ரோல் வேனைப் பிடித்து, எம்.ரெட்டியபட்டிப் பெண்களை ஏற்றிவந்து ஜின்னிங் பேக்டரியில் விடுவான், சாயந்திரம் திருப்பிக் கொண்டுபோவான். பெட்ரோல் ஏறியதும் வண்டி கட்டுப்படியாகவில்லை. அந்த நேரத்துக்கு அந்த ஊரிலிருந்து பஸ் கிடையாது. வேன் நின்றால் பெண்களுக்கு வேலை நின்றது. பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்று நானே சொன்னேன்.

"எதுக்குண்ணாச்சி இரும்புக்குப் போடணும்? பெட்ரோலு இல்லேன்னா என்ன, கரி கெடக்குல்ல?" என்றான் தவசி.

உங்களுக்கு வயது குறைவு, ஐயா, யுத்த காலத்துக் கரி பஸ்ஸைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பின்னால் ஒரு பெரிய டிரம்மைக் கட்டி, அதில் கரியைப் போட்டுத் தீ மூட்டுவது. கரி கொஞ்சமாகக் காற்று பட்டு வெந்தால் ஒரு கேஸ் வரும். அதை வடிகட்டி, குழாய் வழியாகக் கொண்டுபோய் எஞ்சினுக்குக் கொடுத்தால் பெட்ரோல் மாதிரி எரியும். நம் பக்கத்தில் கரிக்கு என்ன பஞ்சம்? மழைதான் பெய்யாது, சீமைக்கருவேல மரம் யாரும் கேட்காமலே வளரும். ஊர் ஊருக்கு விறகை அடுக்கி மண்ணால் மூடி மூட்டம் போட்டுக் கரியாக்கி, மூட்டை மூட்டையாக மதுரைக்கு ஏற்றுகிறார்கள். தவசி ஒரு எண்ணெய் டிரம்மை வெட்டி ஒட்டினான், தேங்காய் நாரை அடைத்து வடிகட்டி செய்தான், தரைப் பலகைக்கு அடியில் ரப்பர் ஓஸைக் கொண்டுபோனான். தை பிறந்தபோது வண்டி ஓடியது.

நான் முதலில் பொறாமையில் பேசினேன் என்று நினைக்காதீர்கள். அந்தக் கேஸ் விஷம். யுத்த காலத்தில் நான் கரி பஸ்ஸில் கிளீனராக இருந்தேன். என்னோடு இருந்த ஒருவன் மழைக்குப் பயந்து ஷெட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் படுத்தான். காலையில் உதைத்து எழுப்பினோம், எழுந்திருக்கவில்லை. வாசனை கிடையாது, புகை கிடையாது, அந்தக் கேஸ் வருவதே தெரியாது. இதைக் கடையில் வைத்துச் சொன்னேன். ஆள் ஏற்றுகிற வண்டியில் இது கூடாது என்றேன்.

கேட்கவில்லை. கேட்காதது கூடப் பரவாயில்லை, என் சொந்தத் தெருவே தவசி பக்கம் போனது. எங்கள் தெருவில் தறிக்குப் பாவு விரித்துப் போட்டிருக்கும்போது டீசல் பஸ் போனால் நூல் முழுக்கக் கரிப்புகை படியும். வெள்ளைச் சேலைக்குப் போட்ட பாவு வீணாகும். தவசியின் வண்டி அந்த வழியாகப் போனால் ஒரு பொட்டுப் புகை கிடையாது. என் மைத்துனன் திம்மையா கடையில் எல்லோருக்கும் முன்னால் கேட்டான்: "பொகையே இல்லாத வண்டிய வெசம்ங்கிறீக. பாவு நூல நாசம் பண்ற டீசல் வண்டிக்கு மட்டும் நேரம் பாத்து விசில் ஊதுறீகளே மாமா?"

கரி மூட்டம் போட்ட ஊர்க்காரர்களுக்கு இது ஒரு பிடிவாதம், ஐயா. மூட்டத்தில் வெள்ளைப்புகை வருகிறவரை பக்கத்தில் போக மாட்டார்கள். புகை நின்றால் கரி வெந்துவிட்டது, இனி பயமில்லை என்று பிள்ளையைக் கூட விளையாட விடுவார்கள். புகை இல்லை என்றால் கெடுதல் இல்லை. அவர்கள் மண்டையில் வேறு எதுவும் ஏறாது. அன்றைக்குத்தான் சொன்னேன்: "இந்த ஆடி முடியறதுக்குள்ள அந்தக் கரி வண்டி ஆளக் கொல்லும். கொல்லலேன்னா நான் விசிலக் கழட்டி வச்சிட்டுப் போயிருறேன். இது சென்னய்யா வாக்கு."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் டீயைக் கீழே வைத்தார்கள். பாய் மட்டும் "நாக்குல அப்படி வார்த்தை வரலாமாண்ணே?" என்றார்.

அப்புறம் நான் முறைப்படிதான் போனேன். வண்டிகளைச் சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டருக்கு மனு எழுதினேன். அவர் வந்தார், ஊரே கூடிவிட்டது. அடியில் குனிந்து பார்த்தார், மேலே ஏறிப் பார்த்தார். வண்டி நின்ற பிறகும் டிரம்மில் தீ இருக்கும், கேஸ் வந்துகொண்டே இருக்கும், அது வெளியே போக ஒரு போக்குக்குழாய் கூரைக்கு மேல் உயர்த்தி வைக்க வேண்டும் என்றார். தவசி அன்றைக்கே வைத்தான். பாஸ் ஆகிவிட்டது. நான் சட்டப்பிரிவை எடுத்துச் சொல்லப் போனேன். "யோவ் டைம்கீப்பர், சட்டத்த நான் பாத்துக்கிறேன், நீ கடிகாரத்தப் பாரு" என்றார் அவர். கூட்டத்தில் ஒருத்தி கை தட்டினாள். அவள் பெயர் மாரிக்கனி, வேனில் வருகிறவள். அந்தக் கைதட்டல் என் காதை விட்டு இன்னும் போகவில்லை.

இரண்டாவது மனு பலித்தது. பேக்டரியில் சங்கு ஊதுகிறவரை கேட் திறக்க மாட்டார்கள். வேன் சீக்கிரமே வந்துவிடும். பெண்கள் ரோட்டில் இறங்கி நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று எழுதினேன். உண்மைதானே? அதற்குப் பிறகு, வேன் பேக்டரி மதிலை ஒட்டித்தான் நிற்க வேண்டும், சங்கு ஊதும்வரை யாரும் இறங்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அந்தப் பெண்கள் அதையும் வசதியாக்கிக்கொண்டார்கள். விடியும் முன் எழுந்து சமைத்துவிட்டு வருகிறவர்கள், வண்டிக்குள்ளேயே ஒரு குட்டித் தூக்கம் போடப் பழகிவிட்டார்கள்.

மாசி போனது, பங்குனி போனது. வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. நான் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தால் போதும், "என்னண்ணாச்சி, இன்னைக்கும் யாரும் சாகலையா?" என்று எவனாவது கேட்பான். டிரைவர் கேட்டான், வெற்றிலைக் கடைக்காரி கேட்டாள், மதுரை பஸ்ஸில் போகிற பள்ளிக்கூட வாத்தியார் கேட்டார். சித்திரை வெயிலில் ஒரு மாடு செத்துக் கிடந்தது. "அண்ணாச்சி வாக்கு மாட்டுக்குப் பலிச்சிருச்சு" என்றார்கள். என் விசிலை மதிக்காமல் ஒரு கிளீனர்ப் பயல் வண்டியை எடுக்கச் சொன்னான். நான் முன்னால் போய் நின்றேன். "தள்ளுங்கண்ணாச்சி, நாங்க கரி வண்டி இல்ல, கொன்னுருவோம்" என்றான். வீட்டில் வெங்கடலட்சுமியும் கேட்டாள். எங்கள் பாஷையில், சோற்றைப் போட்டுக்கொண்டே, சும்மா ஒரு வார்த்தை விட்டுவிட்டீர்கள், போய்த் தவசியிடம் சிரித்துப் பேசிவிட்டால் என்ன என்று கேட்டாள். சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

தவசி மட்டும் கேலி பண்ணவில்லை. அதுதான் ஆத்திரம். ஆனி மாசம் ஒரு நாள் அவனே என்னைக் கூப்பிட்டு வண்டியைச் சுற்றிக் காட்டினான்.

"நீங்க சொன்னதுல பாதி சரிண்ணாச்சி. எஞ்சின் ஓடையில அதுவா கேஸ இழுத்துக்கிரும், வெளிய வராது. நிப்பாட்டுனாத்தான் தள்ளும். இந்தக் கொழா அடைச்சுக்கிட்டா மட்டுந்தான் ஆபத்து. அதான் தெனம் விடியக்காலம் கம்பிய விட்டுக் குத்திப் பாத்துட்டுத்தான் எடுப்பேன். நீங்க மனு எழுதலேன்னா இந்தக் கொழாயே இருந்திருக்காது. ஒங்களாலதான் இம்புட்டுப் பேரும் பத்திரமா வாராக."

என்னால் பத்திரமாக வருகிறார்களாம். நான் என்ன சொன்னேன், இவன் என்ன சொல்கிறான் பாருங்கள். அடியில் ஓஸ் சேர்கிற இடத்தையும் காட்டினான். கிளிப்பைக் கையாலேயே திருகிக் கழற்றலாம், ஸ்பேனர் வேண்டியதில்லை என்று பெருமையாகச் சொன்னான். நான் நன்றாகச் செய்திருக்கிறாய் என்றேன். பொய் இல்லை, நன்றாகத்தான் செய்திருந்தான்.

ஆடி பிறந்தது. காற்று தெரியுமே உங்களுக்கு, கண்ணைத் திறக்க முடியாது, கரிசல் மண் வாயெல்லாம் நரநரவென்று இருக்கும். வேனில் இரண்டு பக்கமும் படுதாவை இறக்கி இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள். கடைசி வாரம் எம்.ரெட்டியபட்டியில் கோயில் கும்பிட்டார்கள். மறுநாளும் பேக்டரி உண்டு. அந்த மறுநாள் காலையில்தான் நடந்தது.

தவசி வழக்கமாகப் பாய் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி ஒரு டீ குடிப்பான். எஞ்சினை நிறுத்தமாட்டான், டீ குடிக்கிறவரை உறுமிக்கொண்டே நிற்கும். அன்றைக்கும் நிறுத்தினான். நான் போனேன். மாரிக்கனி படுதாவைக் கொஞ்சம் விலக்கி எட்டிப் பார்த்தாள். "என்னண்ணாச்சி, ஆடி முடியப் போகுது, பாடை கட்டியாச்சா?" என்றாள். உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் அவளே ஓர் இலைப் பொட்டலத்தை நீட்டினாள். "கோச்சுக்காதீக. சாமி மாவிளக்கு. வாயில போடுங்க, மனசு குளுரட்டும்." வாங்கித் தின்றேன். வெல்லம் கொஞ்சம் தூக்கல், ஏலக்காய் போட்டிருந்தார்கள், நன்றாக இருந்தது. அவள் மறுபடியும் படுதாவைக் கட்டிக்கொண்டாள்.

வண்டிக்குப் பின்னால் ஏணி உண்டு. கூரையில் லோடு சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்க்க நான் எந்த வண்டியில் ஏறினாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மெக்கானிக்குகள் கை துடைக்கிற வேஸ்ட் பஞ்சை முந்தின நாளே எடுத்து வைத்திருந்தேன். நன்றாக நனைத்துப் பிழிந்து போக்குக்குழாய்க்குள் வைத்து, எப்போதும் கையில் வைத்திருக்கிற பிரம்பால் குத்தி இறக்கினேன். கீழே வந்து குனிந்து கிளிப்பைத் தளர்த்தினேன். ஓஸ் விலகி நிற்கும் அளவுக்கு இழுத்து வைத்தேன். முழுக்கக் கழற்றினால் எஞ்சின் நின்றுபோகும், தவசி இறங்கிப் பார்ப்பான். பேக்டரிவரை ஓட வேண்டும். இழுவை குறைந்திருக்கும். கரி ஈரமாக இருக்கிறது என்று நினைத்திருப்பான்.

அவன் டீயைக் குடித்துவிட்டு வந்தான். "வாரேண்ணாச்சி" என்றான். நான் விசில் ஊதினேன். அவன் வண்டிக்கு நான் விசில் ஊதியது அன்றைக்குத்தான் முதல் தடவை. மனசு இளகிவிட்டேன் என்று நினைத்திருப்பான் போல, சிரித்துக்கொண்டே எடுத்தான்.

நடுவில் எனக்கு யோசனை வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது. சைக்கிளை எடுத்தால் சங்கு ஊதும் முன் போய்விடலாம். ஒருத்தி இரண்டு பேர் மயங்கி விழுந்தால் போதுமே, வண்டியை நிறுத்திவிடுவார்களே என்றும் நினைத்தேன். ஆனால் நான் சொன்னது மயங்கும் என்றில்லை, கொல்லும் என்று. மயங்கினால், தண்ணீர் தெளித்து எழுப்பிவிட்டு, அண்ணாச்சி வாக்கு அரைகுறையாகப் பலித்தது என்று அதற்கும் ஒரு கேலி பேசியிருப்பார்கள். அந்த ஊரை எனக்குத் தெரியும். மதுரை பஸ்ஸுக்கு நேரம் வந்துவிட்டது, அதை அனுப்பினேன்.

மதில் ஓரம் காற்று அடிக்காது, ஐயா. வண்டி அங்கே நின்றது, எஞ்சினை நிறுத்தினான், பெண்கள் கண்ணை மூடினார்கள், மேலே போக வழியில்லாத கேஸ் விலகிய ஓஸ் வழியாக வந்து தரைப் பலகை இடுக்கில் உள்ளே ஏறியது. தவசி வாட்ச்மேனோடு கேட் பக்கம் பேசிக்கொண்டு நின்றிருக்கிறான். சங்கு ஊதியது. சரியான நேரத்துக்கு ஊதியதா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து நான் கவனித்தேன், சரியாகத்தான் ஊதினார்கள். யாரும் இறங்கவில்லை. தவசி போய்ப் படுதாவைத் தூக்கினான். ஒவ்வொருத்தியாக வெளியே இழுத்துப் போட்டிருக்கிறான். உள்ளே போவதும் வருவதுமாக இருந்தான் என்று வாட்ச்மேன் சொன்னான். கடைசியாக மாரிக்கனியைத் தூக்கப் போனவன் திரும்பவில்லை. அவனை நான் நினைத்திருக்கவில்லை. அவன் வெளியில்தானே நிற்பான், அவனுக்கு என்ன வந்தது, உள்ளே போக வேண்டும் என்று?

அவனோடு சேர்த்து ஏழு பேர். மற்றவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

சாயந்திரம் பாய் கடைக்குப் போனேன். கூட்டம் நிற்கும், எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். சந்தோஷமாகப் போகவில்லை, அப்படி எழுதிவிடாதீர்கள். நான் ஒன்றும் பேசுவதாக இல்லை. சும்மா நிற்பதாக இருந்தேன். ஆனால் அங்கே வேறு பேச்சு. பிழைத்த பெண்கள் ஆஸ்பத்திரியில் வாந்தி எடுத்திருக்கிறார்கள். விடியக்காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கென்று சங்கரம்மாள் தனிப் பானையில் கூழ் வைத்திருந்து ஊற்றியிருக்கிறாள். தவசியும் ஒரு செம்பு குடித்திருக்கிறான். தலை வலித்தது, கண் இருட்டியது, ஆனால் பொகையே வரலைங்க என்று அத்தனை பெண்களும் சொல்லிவிட்டார்கள். புகை வரவில்லை என்றால் கரி வண்டிமேல் குற்றமில்லை. அப்படியென்றால் கூழ்தான். டாக்டர் தலையாட்டினார், நீங்களும் தலையாட்டினீர்கள். வண்டி அன்றிலிருந்து உங்கள் ஸ்டேஷனுக்குப் பின்னால்தான் நிற்கிறது. ஏணி இருக்கிறது, ஏறிப் பார்க்க ஓர் ஆள் இல்லை.

"அநியாயமாப் போயிட்டான். கூழு கொன்னுருச்சுண்ணே" என்று பாய் அழுதார். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், ஐயா. கடையில் தவசி போட்டோவை மாட்டி மாலை போட்டிருக்கிறார். அடுத்த மாசமே திருச்சுழிக்காரன் ஒருவன் தவசி செய்த மாதிரியே டிரம் கட்டிவிட்டான். காரியாபட்டியில் ஒன்று தயாராகிறது. பிரேக் இன்ஸ்பெக்டரே, தவசி செய்தது நல்ல ஏற்பாடு, புகை இல்லை, செலவு இல்லை என்று மேலே எழுதியிருக்கிறாராம். ஆடி முடிந்து ஆவணியும் போய்விட்டது. நேற்று திம்மையா கேட்டான்: "என்ன மாமா, விசிலக் கழட்டலையா? வண்டி கொல்லலையே, கூழுதான கொன்னுச்சு?" எல்லோரும் சிரித்தார்கள். செத்த வீட்டுத் துக்கம் காயவில்லை, அதற்குள் சிரிப்பு. பாய்கூடச் சிரித்தார்.

இத்தனையும் செய்து, கடைசியில் பேர் கூழுக்கா?

இன்று காலையில் எழுந்ததும் வந்துவிட்டேன். சங்கரம்மாள் பாவம் என்றுதான் வந்தேன். அவளை விட்டுவிடுங்கள், அதில் எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை. ஆனால் கேஸ் மாற வேண்டும். கூழ் என்று எழுதியிருக்கிற இடத்தில் எல்லாம் அடித்துவிட்டுக் கரி வண்டி என்று எழுத வேண்டும். டாக்டரிடமும் எழுதி வாங்குங்கள். பிரேக் இன்ஸ்பெக்டருக்கு ஒரு காப்பி போகட்டும். போக்குக்குழாய்க்குள் கம்பியை விட்டால் பஞ்சு வரும். ஏறிப் பார்த்தால் நான் சொன்னது சரியா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பேனாவை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள்?

நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. "யோவ், நீ பஞ்ச அடைக்காம இருந்திருந்தா அந்த வண்டி என்னய்யா ஆயிருக்கும்?" என்று கேட்கிறீர்கள். ஓடியிருக்கும். இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும். மாரிக்கனி படுதாவை விலக்கிக்கொண்டு என்னைக் கேட்டிருப்பாள். ஆனால் நான்தான் அடைத்தேனே, ஐயா. நடக்காததை எதற்குப் பேச வேண்டும்? நடந்ததை வரிசையாகப் பாருங்கள். ஆட்கள் செத்தது கேஸில். கேஸ் வந்தது கரியில். கரி எரிந்தது தவசியின் வண்டியில். இதில் நான் எங்கே வருகிறேன்?